சோளம் வியர்க்கும் ஊரும் ஓசி வானிலை அறிக்கையும்

"இந்த அமெரிக்காக்காரனுக்குப் பேச வேற விஷயமே கிடையாதாப்பா? போனை எடுத்தா வெதர், வைக்கும்போதும் வெதர்!"

எங்க ஆபீஸ்ல அடிக்கடி கேட்கிற கிண்டல் இது. நான் புனேல உட்கார்ந்து பொட்டி தட்டுற ஆசாமி. பொறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். எங்க வாடிக்கையாளர் இருக்கறது அமெரிக்காவின் நட்டநடு வயித்துல, அயோவா மாநிலத்துல. 2016-லேருந்து 2019 வரைக்கும் மூணு வருஷம் அங்கேயே, க்ரின்னெல்ங்கிற ஊர்ல குடித்தனம் பண்ணியிருக்கேன். இப்ப இங்கேருந்து அதே ஆட்களோட தினமும் பேச்சு. கோடையில நமக்கு ராத்திரி 7 மணின்னா அவங்களுக்குக் காலை எட்டரை. முதல் ரெண்டு நிமிஷம் வானிலை. அதுக்கப்புறம்தான் ஆணி பிடுங்குறது எல்லாம்.

அந்த ரெண்டு நிமிஷம் வெட்டிப் பேச்சுன்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். அந்த மாதிரி சின்ன ஊருக்கு வானிலை அறிக்கைங்கறது தெருக்குழாய்த் தண்ணி மாதிரி ஒரு பொதுச்சொத்து. போன்ல தெரியற சூரியன் படம் வெறும் குழாய்முனை. தொட்டியும் ஊற்றும் வேற எங்கேயோ இருக்கு. அதைக் கட்டிக் காப்பாத்தறது அரசாங்கச் சம்பளக்காரங்களும், சம்பளமே வாங்காத ஊர்க்காரங்களும். குழாய்முனையைப் பார்த்துட்டு "இதுதான் வருதே, தொட்டி எதுக்கு?"ன்னு கேட்கிறவங்க இப்ப ஜாஸ்தி ஆகிட்டாங்க. அது ஆபத்து. நமக்கும் சேர்த்துத்தான்.

29 டிகிரியெல்லாம் ஒரு வெயிலா?

க்ரின்னெல் சுமார் 9,500 பேர் இருக்கிற ஊர். டெ மாயினுக்கும் அயோவா சிட்டிக்கும் நடுவுல, 80-ஆம் நம்பர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்துல இருக்கு. ஒரு நல்ல கல்லூரி, நாலஞ்சு தெரு கடைவீதி, மத்தபடி கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் மக்காச்சோளமும் சோயாவும். ஜூலை மாசம் பகல்ல சராசரியா 84, 85 டிகிரி ஃபாரன்ஹீட். நம்ம கணக்குல 29. நெல்லைக்காரன் இதைக் கேட்டா சிரிப்பான். "அது எங்க ஊர் மார்கழியாச்சே!"ம்பான்.

ஆனா எங்க ஊர் வெயில் வேற ஜாதி. வெளியே போனா காய்ச்சி எடுக்கும், வேப்பமரத்தடியில நின்னா ஆசுவாசமா இருக்கும். அயோவா ஜூலையில நிழலுக்கு மரியாதையே கிடையாது. சட்டை முதுகோட ஒட்டிக்கும். ராத்திரி பத்து மணிக்கும் காத்து வெந்நீர் அண்டா மேல கை வெச்ச மாதிரி இருக்கும்.

காரணம், அங்கே பார்க்க வேண்டிய எண் வெப்பநிலை இல்லை. ட்யூ பாயிண்ட். ஸ்கூல் புத்தகத்துல பனிநிலைன்னு படிச்சிருப்பீங்க. காத்தை எவ்வளவு குளிர வெச்சா அதுல இருக்கிற ஈரம் தண்ணியா மாற ஆரம்பிக்கும்ங்கிற அளவு. அது ஏற ஏற நம்ம வேர்வை காயாது. வேர்வை காயலைன்னா உடம்பு குளிராது. பொதுவா சொன்னா 60 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சுகம், 65 தாண்டினா பிசுபிசுப்பு, 70 தாண்டினா புழுக்கம், 75 வந்தா சென்னை. (சென்னைவாசிகள் கோவிச்சுக்க வேண்டாம், உண்மை அதுதான்.)

இந்த ஈரம் எங்கேருந்து வருது? பெரும்பகுதி தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலேருந்து காத்தோட ஏறி வருது. மிச்சத்தைப் போடறது சோளம். ஒரு ஏக்கர் மக்காச்சோளம் ஒரு நாளைக்கு 3,000-லேருந்து 4,000 காலன் தண்ணியை இலை வழியா காத்துல விடும். லிட்டர் கணக்குல 11,000 முதல் 15,000. அதாவது ஏக்கருக்கு தினம் ஒரு தண்ணி லாரி! அயோவாவில மட்டும் சுமார் 1.3 கோடி ஏக்கர் சோளம். பெருக்கிப் பார்த்துக்குங்க. அந்த ஊர்க்காரங்க இதுக்கு "சோளத்தோட வேர்வை"ன்னே பேர் வெச்சிருக்காங்க.

90 டிகிரி ஃபாரன்ஹீட்டும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தா உடம்புக்கு 100 மாதிரி இருக்கும். நம்ம கணக்குல 32 டிகிரி 38 ஆகுது. இது சாதாரண நாள். 1995 ஜூலை 13 அன்னிக்கு விஸ்கான்சின்ல ஆப்பிள்டன்ங்கிற ஊர்ல வெப்பநிலை 101, பனிநிலை 90. உடம்புக்குத் தெரிஞ்சது 148 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 64 செல்சியஸ். அதே வெப்ப அலையில சிகாகோவில மட்டும் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலா செத்துப்போனாங்க. நிறையப் பேர் வயசானவங்க, தனியா வாழ்ந்தவங்க, ஜன்னலைத் திறக்கப் பயந்தவங்க. எரிக் க்ளினென்பர்க்ங்கிற சமூகவியல் பேராசிரியர் இதைப் பத்தி 2002-ல ஒரு புத்தகமே எழுதினார். கொன்னது வெயில் மட்டும் இல்லை, யாரும் கதவைத் தட்டாததும்தான்னு அவர் வாதம்.

"இன்னிக்கு உங்க ஊர்ல எப்படி?"ன்னு கேட்கிற பழக்கத்தை நான் ஏன் கிண்டல் பண்றதில்லைன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். கதவைத் தட்டறதுல அது முதல் தட்டு.

30 சதவீதம்னா வருமா, வராதா?

அடுத்த கிண்டல் இது. "30 சதவீதம் மழைன்னு போட்டான், ஒரு சொட்டு இல்லை. புளுகறான்."

நம்ம ஊர்ப் பருவமழை மாதிரி நாள்கணக்குல மூடிக்கிட்டுப் பெய்யற மழை இல்லை அது. அயோவாவோட கோடைமழை பெரும்பாலும் ராத்திரியில வரும். சாயங்காலம் மேற்கே, நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா பக்கம் இடிமேகங்கள் கிளம்பும். ராத்திரியில தரையிலேருந்து கொஞ்ச உயரத்துல தெற்கேருந்து ஒரு வேகமான காத்தோட்டம் ஈரத்தை அள்ளிக்கிட்டு வரும். அதைத் தின்னு கொழுத்து மேகக்கூட்டம் கிழக்கே நகரும். அது க்ரின்னெல் மேல போகுமா, 20 மைல் வடக்கே போகுமாங்கிறதை முந்தின நாளே யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது. நீங்க நிக்கிற இடத்துல மழை விழ பத்துக்கு மூணு வாய்ப்புன்னு சொல்றாங்க. பத்துல ஏழு தடவை விழாமப் போனாத்தான் அந்தக் கணிப்பு சரி!

இதுல எனக்குப் பிடிச்சது கணக்கு இல்லை, நேர்மை. அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை 1960களின் நடுவிலேருந்து இந்தச் சதவீதத்தைப் பொதுமக்களுக்குச் சொல்லிக்கிட்டு வருது. அதோட நிக்காம, கணிப்பாளர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பு எழுதி வெளியிடுவாங்க. "இந்த மாடல் ஒண்ணு சொல்லுது, அந்த மாடல் வேற சொல்லுது, எங்களுக்கு இதுல நம்பிக்கை குறைவு, காரணம் இது" அப்படின்னு. யார் வேணா படிக்கலாம். 2016 வரைக்கும் அது முழுக்க முழுக்கக் கொட்டை எழுத்துல வரும், யாரோ தந்தி அடிச்சுக் கத்தற மாதிரி. தனக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு தினமும் எழுதிக் கையெழுத்துப் போடுற ஒரு அரசு அலுவலகத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை.

இந்த நேர்மை அவங்களுக்கும் சும்மா வந்துடலை. 1882 ஜூன் 17-ல ஒரு டொர்னாடோ இதே க்ரின்னெல்லைப் புரட்டிப் போட்டுச்சு. கல்லூரிக் கட்டடங்களெல்லாம் தரைமட்டம். அதுக்கப்புறம் எச்சரிக்கை கூடியிருக்கும்னுதானே நினைப்போம்? நேர்மாறா, 1880களிலேருந்து 1938 வரைக்கும் அரசாங்க வானிலை அறிக்கையில "டொர்னாடோ"ங்கிற வார்த்தையையே போடக் கூடாதுன்னு தடை. ஜனங்க பீதி அடைஞ்சிடுவாங்களாம்! அரை நூற்றாண்டு அப்படியே ஓடிச்சு. ஜனங்க பீதியில சாகலை, தகவல் தெரியாமத்தான் செத்தாங்க. "மக்களுக்குச் சொன்னா பயப்படுவாங்க"ன்னு யார் எப்பச் சொன்னாலும் எனக்கு இந்தத் தடைதான் ஞாபகம் வருது.

2020 ஆகஸ்ட் 10

அன்னிக்கு திங்கட்கிழமை. காலை அறிக்கைகள்ல இடிமழை உண்டு, பலத்த காத்து வரலாம்னு இருந்துச்சு. ஆனா நடக்கப் போறதோட முழு அளவு அதுல இல்லை. பகல் ஏற ஏற ஆபத்து நிலையைக் கூட்டிக்கிட்டே போனாங்க. நமக்கு ராத்திரி பத்து, பத்தரை இருக்கும். கான்ஃபரன்ஸ் காலில் இருந்த அயோவாக்காரங்க ஒவ்வொருத்தரா காணாமப் போனாங்க. டெ மாயின் ஆள் முதல்ல, க்ரின்னெல் ஆட்கள் அடுத்து. மேற்கேருந்து கிழக்கே, வரிசைப்படி. மறுநாளும் யாரும் இல்லை. அந்தப் பக்கம் நாள்கணக்குல கரண்ட் இல்லை.

அது டெரேச்சோ. டொர்னாடோ சுத்தும். இது சுத்தாது, நேரா ஒரு சுவர் மாதிரி தள்ளிக்கிட்டு வரும். தெற்கு டகோட்டாவில ஆரம்பிச்சு ஒஹாயோ வரைக்கும் சுமார் 770 மைல் தூரத்தை 14 மணி நேரத்துல கடந்துச்சு. சீடர் ராப்பிட்ஸ்ல உச்ச வேகம் மணிக்கு 140 மைல்னு சேதத்தை வெச்சு மதிப்பிட்டாங்க. நம்ம ஊர்ப் பெரும்புயல்களோட வேகம், கடலே இல்லாத இடத்துல! மொத்த நஷ்டம் 1,100 கோடி டாலர்னு கணக்கு. லட்சக்கணக்கான ஏக்கர் சோளம் பாய் விரிச்ச மாதிரி படுத்துடுச்சு.

டெரேச்சோங்கிற பேரை வானிலைக்குக் கொண்டுவந்ததே ஒரு அயோவாக்காரர்தான். குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ், அயோவா சிட்டியில பேராசிரியர். 1877-ல அயோவாவைத் தாக்கின இப்படி ஒரு காத்தை ஆராய்ஞ்சு, 1888-ல எழுதின கட்டுரையில ஸ்பானிஷ் மொழியிலேருந்து அந்தச் சொல்லை எடுத்துப் போட்டார். "நேராக"ன்னு அர்த்தம். அவரே 1875-ல அயோவாவுக்குன்னு ஒரு மாநில வானிலைச் சேவையை ஆரம்பிச்சார், ஊர் ஊரா தன்னார்வலர்களைப் பிடிச்சு மழையளவு எழுத வெச்சு. நம்ம இந்திய வானிலைத் துறையும் அதே 1875-ல தொடங்கினதுதான்.

ஓசியில வர்றது யார் கொடுத்தது?

க்ரின்னெல்லுக்கான கணிப்பு தயாராகிறது ஜான்ஸ்டன்ங்கிற ஊர்ல இருக்கிற தேசிய வானிலைச் சேவை அலுவலகத்துல. அயோவாவின் 99 கவுண்ட்டிகள்ல 51 அவங்க பொறுப்பு. நாடு முழுக்க இப்படி 122 அலுவலகம், ராத்திரி பகல் ஆள் இருக்கும். 2007 வரைக்கும் எச்சரிக்கையை கவுண்ட்டி மொத்தத்துக்கும் விடுவாங்க. அந்த வருஷம் அக்டோபர்லேருந்து புயல் போற பாதையை மட்டும் வரைபடத்துல கோடு போட்டு அடைச்சு விடறாங்க. கவுண்ட்டியோட ஒரு மூலையில சைரன் ஊதும், மறுமூலையில ஆள் புல்லு வெட்டிக்கிட்டு இருப்பார்.

அவங்களுக்குத் தகவல் எப்படி வருது? ராடார், செயற்கைக்கோள் எல்லாருக்கும் தெரியும். தினம் ரெண்டு வேளை பலூன் விடறது பலருக்குத் தெரியாது. கோடையில அயோவா நேரப்படி காலை 7 மணி, சாயங்காலம் 7 மணி. அடியில ஒரு சின்னக் கருவியைக் கட்டி விட்டா, மேலே போகப் போக வெப்பம், ஈரம், காத்துன்னு அனுப்பிக்கிட்டே இருக்கும். இடிமேகம் வெடிக்குமா, மூடி போட்ட மாதிரி அடங்கிக் கிடக்குமான்னு சொல்றதுக்கு இந்தச் செங்குத்துப் படம் ரொம்ப முக்கியம்.

அதுக்குமேல தன்னார்வலர்கள். 1890-ல போட்ட சட்டத்தின் கீழ நடக்கிற கூட்டுறவுப் பதிவாளர் திட்டத்துல இன்னிக்கும் எட்டாயிரத்துக்கு மேற்பட்டவங்க இருக்காங்க. விவசாயி, ரிட்டயர்டு வாத்தியார், தண்ணி சுத்திகரிப்பு நிலையத்து ஊழியர்னு எல்லா மாதிரி ஆட்களும். எட்டு அங்குல வாய் உள்ள மழைமானியில அளவு பார்த்து எழுதறாங்க, வருஷக்கணக்கா. இது போக, புயல் வரும்போது மேகத்தைப் பார்த்து "சுத்த ஆரம்பிச்சிடுச்சு"ன்னு போன் பண்றதுக்குப் பயிற்சி எடுத்தவங்க தனி. ராடார் அலை தூரம் போகப் போக உயரமாப் போயிடும், பூமி உருண்டை ஆச்சே. தரையில நடக்கறதைப் பார்க்க மனுஷக் கண்ணுதான் வேணும்.

இத்தனையும் சேர்ந்த தகவலை அமெரிக்க அரசாங்கம் இலவசமாத் தருது. யாருக்கும் காப்புரிமை கிடையாது. போன்ல இருக்கிற ஆப்காரங்க அதை எடுத்து, சூரியன் படமும் குடை படமும் போட்டு, நடுவுல விளம்பரம் வெச்சு நமக்கே தர்றாங்க. அது தப்புன்னு நான் சொல்லலை. விளக்கு போட்டுத் தரவங்களுக்கும் வேலை இருக்கு. ஆனா 2005-ல செனட்டர் ரிக் சன்டோரம் ஒரு மசோதா கொண்டு வந்தார். தனியார் தரக்கூடிய சேவையை அரசு வானிலைச் சேவை போட்டியாத் தரக் கூடாதுங்கிறது அதோட சாரம். தோத்துப் போச்சு, நல்லவேளை. வரிகொடுத்தவன் கிணத்துலேருந்து தண்ணி எடுத்து அவனுக்கே விக்கலாம், அவன் நேரா மொண்டுக்கக் கூடாதுன்னா எப்படி?

பலூன் பறக்காத காலை

2025-ல பிரச்சினை வேற ரூபத்துல வந்துச்சு. செலவுக் குறைப்புன்னு தேசிய வானிலைச் சேவையிலேருந்து நூத்துக்கணக்கானவங்க வெளியே போனாங்க. சிலர் அனுப்பப்பட்டாங்க, பலர் முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கிட்டாங்க. 2025 மார்ச்சுல ஆள் இல்லைன்னு நெப்ராஸ்காவில ஒமாஹாவிலயும், தெற்கு டகோட்டாவில ராப்பிட் சிட்டியிலயும் பலூன் விடறதை நிறுத்தினாங்க. இன்னும் சில இடங்கள்ல ரெண்டு வேளை ஒரு வேளை ஆச்சு. பிறகு எதிர்ப்பு கிளம்பி, மறுபடி ஆள் எடுக்க அனுமதியும் வந்துச்சு.

ஒமாஹா எங்கே இருக்கு? க்ரின்னெல்லுக்கு மேற்கே சுமார் 300 கிலோமீட்டர். கோடைப் புயல் எங்கேருந்து வரும்னு மேலே சொன்னேன். மேற்கேருந்து. வீட்டுக்கு மேற்கு ஜன்னலைச் சாத்திட்டு "மழை வர்றது தெரிஞ்சா சொல்லு"ன்னா?

குறிப்பிட்ட இந்தப் புயலை இதனாலதான் தவறவிட்டாங்கன்னு நான் சொல்ல வரலை. அப்படி ஒண்ணை ஒண்ணோட முடிச்சுப் போடறது நியாயம் இல்லை. மத்த தகவல்களை வெச்சு சமாளிச்சுக்குவாங்க, கெட்டிக்காரங்க. ஆனா பாலத்துல ஒரு ஆணி போனா அன்னிக்கே பாலம் விழாது. அதனால ஆணி வேண்டாம்னு ஆகிடுமா? இந்த மொத்தச் சேவைக்கும் ஆகற செலவு வருஷத்துக்கு ஆளுக்கு சுமார் 4 டாலர். க்ரின்னெல்ல ஒரு காபி அந்த விலைதான்.

"அதான் ஏஐ வந்தாச்சே, இனிமே பலூன் எதுக்கு?"ன்னு எங்க ஆபீஸ் பசங்க கேட்கறாங்க. நம்ம தொழில் ஆச்சே, கேட்கத்தான் செய்வாங்க. நியாயமான கேள்வி. 2023-ல கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட க்ராஃப்காஸ்ட் நிஜமாவே அசத்தல். 2025 பிப்ரவரியில ஐரோப்பிய வானிலை மையமே தன்னோட ஏஐ மாடலைத் தினசரிப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்துடுச்சு. ஆனா அந்த மாடல்கள் பாடம் படிச்சது எதுல? பல பத்தாண்டுகளா பலூனும் ராடாரும் செயற்கைக்கோளும் சேர்த்து வெச்ச பதிவுகள்ல. ஒவ்வொரு நாளும் கணக்கை ஆரம்பிக்கறது எதுலேருந்து? அன்னிக்குக் காலையில அளந்த அளவுகள்லேருந்து. அளக்கறதை நிறுத்திட்டு மாடலை வளர்க்கறது, நெல்லு போடாம மில்லுக்கு மட்டும் புது மோட்டார் வாங்கற கதை.

இன்னொரு விஷயம், நம்பிக்கை. 2011 மே 22-ல மிசௌரியில ஜாப்ளின்ங்கிற ஊர்ல 158 பேரை டொர்னாடோ கொன்னுச்சு. எச்சரிக்கை விட்டிருந்தாங்க, சைரனும் ஊதிச்சு. ஆனா பலர் முதல் சைரனுக்கே அசையலை, இன்னொரு அடையாளத்துக்காகக் காத்திருந்தாங்கன்னு பிறகு நடந்த அரசு ஆய்வு சொல்லுது. அடிக்கடி ஊதற சைரன் பழகிப் போயிடும். 2024 மே 21-ல அயோவாவில கிரீன்ஃபீல்டு, வெறும் 2,000 பேர் ஊர், அதன் குறுக்கே அதிபயங்கர வகை டொர்னாடோ ஒண்ணு பகல்லயே போச்சு. அன்னிக்குக் காலையிலேயே பலத்த டொர்னாடோ வரலாம்னு சொல்லியிருந்தாங்க. ஊருக்குள்ள 4 பேர் இறந்தாங்க. அந்த நாலும் பெரிய இழப்புதான். ஆனா தெருத்தெருவா வீடு இல்லாமப் போன படத்தைப் பார்த்தவங்களுக்கு, மத்தவங்க பிழைச்சது எவ்வளவு பெரிசுன்னு தெரியும். பிழைக்க வெச்சது சூரியன் படம் போட்ட ஆப் இல்லை. அந்த ஊர்ப் பேரைச் சொல்லி, "இப்பவே கீழ் அறைக்குப் போங்க"ன்னு சொன்ன குரல், அந்தக் குரலை நம்பின பழக்கம்.

சரி, நமக்கென்ன?

நான் இருக்கிற புனேயும் வானிலை ஊர்தான். 1928-ல இந்திய வானிலைத் துறையின் தலைமையகத்தை சிம்லாவிலேருந்து இங்கே கொண்டு வந்தாங்க. பிறகு அது டெல்லிக்குப் போயிடுச்சு. ஆனா ஆட்டோக்காரங்க இன்னிக்கும் அந்தக் கட்டடத்தை "சிம்லா ஆபீஸ்"னுதான் சொல்றாங்க. இங்கே இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கின புது மாடல் 2025 மே மாசம் பயன்பாட்டுக்கு வந்துச்சு. 6 கிலோமீட்டர் கட்டம். உலகத் தரத்துல பெருமைப்படக் கூடிய விஷயம், சந்தேகமே இல்லை.

ஆனா புனே மாவட்டத்தோட பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. க்ரின்னெல் இருக்கிற பவ்ஷீக் கவுண்ட்டி அதுல பத்துல ஒரு பங்கு. இந்த ஒரே மாவட்டத்துல மேற்கே தாம்ஹிணி மலையில மழை பிய்ச்சு எடுக்கும்போது, கிழக்கே பாராமதியில தூசு பறக்கும். இப்ப மலைப்பகுதிக்குத் தனியா எச்சரிக்கை வண்ணம் தர்றாங்க. இது நல்ல மாற்றம். இன்னும் கீழே இறங்கணும்ங்கறதுதான் என் ஆசை. கட்டம் சின்னதாகறது ஒரு பக்கம். அந்தத் தாலுகாவின் பேரைச் சொல்லி, அந்த ஊர் பாஷையில, "எங்களுக்கு இதுல இவ்வளவு நம்பிக்கை இருக்கு, இது நிச்சயம் இல்லை"ன்னு தினமும் பேசற ஒரு ஆள் இன்னொரு பக்கம். ரெண்டாவதுக்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம். ஜனங்களைப் பெரியவங்களா மதிக்கிற மனசு போதும். அது இல்லாமதான் "ஆரஞ்சு அலர்ட்டுன்னு சொன்னான், வெயில் அடிக்குது, பள்ளிக்கூடத்தை எதுக்கு மூடினான்?"ங்கிற வசவு. கணிச்சவரையும் குத்தம் சொல்ல முடியாது. சதவீதத்தோட சொல்லி அவரும் பழக்கலை, கேட்டு நாமளும் பழகலை.

கடைசியா, இந்தக் கோடையில மிட்வெஸ்ட் சின்ன ஊருக்கு ஆன்சைட் கிளம்பற தம்பி தங்கச்சிகளுக்கு:

1. வெப்பநிலையைப் பார்க்காதீங்க, பனிநிலையைப் பாருங்க. 70-க்கு மேல இருந்தா சாயங்கால வாக்கிங்கை மறுநாள் விடியலுக்கு மாத்துங்க.

2. "வாட்ச்"னா வரலாம், தயாரா இரு. "வார்னிங்"னா வந்தாச்சு அல்லது வந்துக்கிட்டு இருக்கு, ஓடு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

3. சைரன் வெளியில இருக்கிறவங்களுக்கு. தூங்கும்போது கேட்காது. போன்ல வர்ற அவசர எச்சரிக்கையை அணைச்சு வைக்காதீங்க. முடிஞ்சா ஒரு வானிலை ரேடியோ வாங்கி வெச்சுக்குங்க.

4. வீடு பார்க்கும்போதே கீழ் அறை இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா ஜன்னல் இல்லாத உள்ரூம் எதுன்னு முதல் நாளே முடிவு பண்ணுங்க.

5. சைரன் ஊதினா வாசல்ல நின்னு மேகத்தை வேடிக்கை பார்க்கறது உள்ளூர்க்காரங்களோட பழக்கம். அதை மட்டும் அவங்ககிட்டேருந்து கத்துக்காதீங்க. வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பவும் வேண்டாம், பாவம் பதறிடுவாங்க.

6. சூரியன் படத்தோட நிறுத்தாம, தேசிய வானிலைச் சேவையின் தளத்துல ஊர்ப் பேரைப் போட்டு, கணிப்பாளர் எழுதின குறிப்பைப் படிங்க. முதல் வாரம் புரியாது. ரெண்டாவது மாசம் அதுக்கு அடிமை ஆகிடுவீங்க.

மழைமானி எட்டு அங்குலம், பலூன் ஒரு நாளைக்கு ரெண்டு, செலவு வருஷத்துக்கு ஒரு காபி. பெரிய விஷயமாவே தெரியாது. தெரியாம இருக்கிறதாலதான் வெட்டறவங்க கண்ணுல முதல்ல படுது. பெரிய நகரத்துக்கு ஏர்போர்ட் இருக்கு, டிவி ஸ்டேஷன் இருக்கு, எப்படியாவது தகவல் வந்துடும். சின்ன ஊருக்கு இதை விட்டா வேற நாதி இல்லை.

அதனால அடுத்த தடவை கால்ல யாராவது வெதர் பேச ஆரம்பிச்சா, மியூட்ல போட்டுட்டு கண்ணை உருட்டாதீங்க. "பனிநிலை எவ்வளவு?"ன்னு கேட்டுப் பாருங்க. அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் மௌனம் இருக்கும். அப்புறம் பேச ஆரம்பிப்பாங்க பாருங்க, மீட்டிங் முடியறதுக்கு அரை மணி லேட் ஆகும். அதுக்கு நான் பொறுப்பு இல்லை!